புது வண்டியோடு வரும் ‘இலவச’ இன்சூரன்ஸ்: வாங்குமுன் விசாரிக்க வேண்டியவை

ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் குமரி மாவட்டத்து நேந்திரன் குலைகள் கேரளச் சந்தைகளுக்கு ஏற்றப்படும்போது, வாழை விவசாயியின் கையில் சிறிது ரொக்கம் புரளும். வண்டி விற்பனை நிலையங்கள் பண்டிகைச் சலுகைகளை அறிவிப்பதும் ஏறக்குறைய இந்தக் காலத்தில்தான். “முதல் வருட இன்சூரன்ஸ் இலவசம்”, “ஒரு ரூபாய்க்கு இன்சூரன்ஸ்” என்பவை இவற்றில் அடிக்கடி காணப்படும் வாசகங்கள். காருக்கு மட்டுமன்றி, குலையும் பூவும் தேங்காயும் ஏற்றும் சிறு சரக்கு வண்டிக்கும் இச்சலுகை நீட்டப்படுகிறது. “அண்ணாச்சி, இன்சூரன்ஸ் செலவு உங்களுக்கு இல்லை” என்று விற்பனையாளர் கூறும்போது மறுக்கத் தோன்றாது. ஆனால் அந்தச் செலவை யாரோ ஒருவர் செலுத்தியே ஆக வேண்டும். பெரும்பாலும் அது, விவசாயிக்குக் கிடைத்திருக்கக்கூடிய விலைக் குறைப்பிலிருந்தே கழிக்கப்படுகிறது.

விலையைக் குறைக்காதது ஏன்?

பட்டியல் விலையைக் குறைத்தால் போன மாதம் வாங்கியவர் முணுமுணுப்பார். பழைய வண்டிகளின் மதிப்பும் இறங்கும். பிறகு விலையை உயர்த்துவதும் சிரமம். இன்சூரன்ஸ் சலுகையையோ பண்டிகை முடிந்ததும் ஓசையின்றி நிறுத்திவிடலாம். மேலும், இன்சூரன்ஸ் கம்பெனியிடமிருந்து விற்பனையாளருக்கு ஒரு பங்கு கிடைக்கும். அடிபட்ட வண்டி பழுது பார்க்க அவருடைய பட்டறைக்கே வரும்.

1973-ல் பொதுக் காப்பீடு நாட்டுடைமையான பின் நெடுங்காலம் எந்தக் கம்பெனியில் எடுத்தாலும் கட்டணம் ஒன்றுதான். 2000-க்குப் பின் தனியார் கம்பெனிகள் வந்தன. கார் உற்பத்தியாளர்களும் இத்துறையில் இறங்கினர். மாருதி 2002-ல் தனது இன்சூரன்ஸ் சேவையைத் தொடங்கியது. 2007 ஜனவரி முதல் வண்டியின் சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தைக் கம்பெனிகளே நிர்ணயிக்கலாம் என்றாயிற்று. ஆகவே, ஒரே வண்டிக்கு ஒரே நாளில் இரண்டு கம்பெனிகளிடம் கேட்டால் இரண்டு தொகை சொல்லப்படும். மூன்றாம் நபர் காப்பீட்டுக்கு மட்டும் அரசு நிர்ணயித்த கட்டணம்; அதில் பேரம் இல்லை.

எனவே ஷோரூமில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: “இன்சூரன்ஸை வெளியே எடுத்துக்கொண்டால் வண்டி விலையில் எவ்வளவு குறைப்பீர்கள்?” உதாரணமாக, 30,000 ரூபாய் குறைப்பதாகச் சொல்லி, அதே பாலிசி வெளியே 26,000 ரூபாய்க்குக் கிடைக்குமானால், இலவசத்தால் 4,000 ரூபாய் நஷ்டம். குறைக்கவே மாட்டேன் என்றால் இலவசத்தை ஏற்றுக்கொள்ளலாம். ஷோரூம் வழியாக எடுத்தால் அதே பட்டறையில் ரொக்கமின்றிப் பழுது பார்க்கும் வசதி சுலபமாகக் கிடைக்கும் என்பதையும் மறுப்பதற்கில்லை.

பாலிசியில் என்ன எழுதியிருக்கிறது?

இலவசம் என்பதால் பாலிசியைப் படிக்காமல் பீரோவில் வைத்துவிடுவோர் பலர். சட்டம் கட்டாயமாக்கியிருப்பது மூன்றாம் நபர் காப்பீட்டை மட்டுமே. அது நம் வண்டி மோதிப் பிறருக்கு ஏற்படும் பாதிப்புக்கானது. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் வீசியபோது இம்மாவட்டத்தில் ரப்பரும் தென்னையும் எப்படிச் சாய்ந்தன என்பதை எவரும் மறந்திருக்க முடியாது. அவ்வாறு மரம் விழுந்து வண்டி நசுங்கினால் மூன்றாம் நபர் பாலிசியில் ஒரு காசும் கிடைக்காது; சொந்தச் சேதமும் சேர்ந்த முழுப் பாலிசி வேண்டும். முழுப் பாலிசி இருந்தும், வெள்ளத்தில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, எஞ்சினுக்குள் தண்ணீர் ஏறிக் கெட்டால், தனியாக எஞ்சின் பாதுகாப்பு சேர்த்திராதவருக்கு அந்தச் செலவு மறுக்கப்படலாம். 2021 நவம்பர் மழையில் தாழ்ந்த பகுதிகள் மூழ்கியதை நினைத்தால், வண்டியைக் கட்டி இழுத்துச் செல்வதே உசிதம்.

அடுத்து, ‘ஐ.டி.வி.’ என்று அச்சிடப்பட்ட தொகையைப் பார்க்க வேண்டும். வண்டி களவு போனாலோ முற்றிலும் அழிந்தாலோ கிடைக்கும் உச்சத் தொகை அதுவே. புது வண்டிக்கு ஷோரூம் விலையில் 5 சதவீதம் கழித்து இது கணக்கிடப்படும். 5 லட்ச ரூபாய் வண்டிக்கு 4,75,000 இருக்க வேண்டும். பிரீமியத்தைக் குறைப்பதற்காக 4,25,000 என்று போட்டிருந்தால், நஷ்டம் நேரும்போது 50,000 ரூபாய் துண்டு விழும். கடனில் வாங்கிய வண்டியானால், வரும் தொகை முதலில் கடன் கொடுத்தவருக்கே போகும். மீதிக் கடன் விவசாயியின் தலையில்.

சரக்கு வண்டியில் சரக்கின் சொந்தக்காரர் உடன் வரலாம். கல்யாணத்துக்கு ஆள் ஏற்றிச் சென்று விபத்து நேர்ந்தால் நஷ்டஈட்டை உரிமையாளரே கட்ட நேரிடும்.

இரண்டாம் வருடம்

கோவை எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ்.ராஜசேகரன் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இட்ட உத்தரவின்படி, 2018 செப்டம்பர் 1 முதல் புதுக் காருக்கு 3 வருடத்துக்கும் இரு சக்கர வண்டிக்கு 5 வருடத்துக்கும் மூன்றாம் நபர் காப்பீடு சேர்த்தே விற்கப்படுகிறது. இதையொட்டிச் சொந்தச் சேதத்தையும் நீண்ட காலத்துக்குச் சேர்த்துக் கட்டும் பாலிசிகள் வந்தன. வாடிக்கையாளர் மீது இவை திணிக்கப்படக்கூடும் என்பது உள்ளிட்ட காரணங்களால் 2020 ஆகஸ்ட் 1 முதல் அவற்றைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் நிறுத்திவிட்டது.

சரக்கு வண்டிக்கும் டிராக்டருக்கும் இந்த நீண்ட கால ஏற்பாடு இல்லை; வருடாவருடம் கட்ட வேண்டும். 2022-ல் அறிவிக்கப்பட்ட கட்டணப்படி, 7,500 கிலோவுக்கு உட்பட்ட நான்கு சக்கர சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியம் மட்டும் 16,049 ரூபாய். வரியும் சொந்தச் சேதப் பிரீமியமும் தனி. முதல் வருடம் இலவசமாக ஓடிய வண்டிக்கு இரண்டாம் வருடம் இவ்வளவையும், மாதத் தவணையோடு சேர்த்து, ஒரே நாளில் புரட்ட வேண்டும். அந்தத் தேதி கும்பப்பூ நடவுச் செலவோடு மோதினால் சங்கடம் அதிகம். புதுப்பிக்கும்போது பழைய ஷோரூமுக்கே போக வேண்டுமென்ற கட்டாயமில்லை.

கடனோடு இன்சூரன்ஸ் ஒட்டி வருவது விவசாயிக்குப் புதிதல்ல. பயிர்க்கடன் வாங்கியவருக்குப் பயிர்க் காப்பீடு கட்டாயமாக இருந்தது. 2020 காரிப் பருவத்திலிருந்தே அது விருப்பத்துக்கு விடப்பட்டது. வண்டி விஷயத்திலும் குறிப்பிட்ட கம்பெனியில்தான் எடுக்க வேண்டுமென்று விற்பனையாளர் வற்புறுத்த விதிகளில் இடமில்லை. பாலிசி பற்றிய புகாரை முதலில் கம்பெனிக்கு எழுத்து மூலம் அனுப்ப வேண்டும். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையெனில் சென்னையிலுள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளருக்கு விண்ணப்பிக்கலாம், கட்டணம் இல்லை. 155255 என்ற ஆணையத்தின் தொலைபேசி எண்ணிலும் முறையிடலாம்.

முதல் வருடம் கிளெய்ம் எதுவும் வாங்காதவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் 20 சதவீதம் தள்ளுபடி உண்டு. கம்பெனி மாறினாலும் இது செல்லும். ஆனால் பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் பறிபோகும்.