படியாள் முறை

படியாள் முறை என்பது தமிழகத்தின் வட பகுதியில், குறிப்பாகப் பழைய வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களில் நிலவிய வேளாண் தொழிலாளர் முறை ஆகும். தானியமாக அளந்து கொடுக்கப்பட்ட ஊதியம் 'படி' எனப்பட்டது. அதைப் பெற்று ஆண்டு முழுவதும் ஒரே நிலவுடைமையாளரிடம் வேலை செய்தவர் படியாள். அன்றன்று கூலி பெற்றவர் கூலியாள் எனப்பட்டார். காவிரிப் படுகையில் இதனை ஒத்த முறை பண்ணையாள் முறை என வழங்கியது. படியாட்களில் பெரும்பாலோர் பறையர் சமூகத்தினர்.

தொழிலும் படியும்

செஞ்சி, தேசூர், சீயமங்கலம், வந்தவாசி ஆகிய ஊர்களைச் சூழ்ந்த பகுதி பாறைக் குன்றுகளும் ஏரிகளும் நிறைந்தது. ஏரி நிரம்பினால் நஞ்சையில் நெல் விளையும். கிணற்றடியில் கேழ்வரகும், மானாவாரி நிலத்தில் கம்பு, வரகு ஆகியனவும் விளைந்தன. 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து, இவ்வட்டாரத்தில் மல்லாட்டை எனப்படும் நிலக்கடலை பெருமளவில் பரவியது. மழை பெய்த சில நாட்களுக்குள் உழுது விதைத்தாக வேண்டும். அந்நேரத்தில் ஆள் தேடிக்கொண்டிருக்க இயலாது என்பதால், அழைத்தவுடன் வரக்கூடிய ஆளை நிலவுடைமையாளர் கையோடு வைத்திருக்க விரும்பினார்.

ஏர் உழுதல், ஏற்றம் இறைத்தல், கவலை ஓட்டுதல், வரப்பு வெட்டுதல், மாடுகளைப் பராமரித்தல் ஆகியன படியாளின் வேலைகள். இவற்றுக்கு நேர வரையறை இல்லை. மனைவி நடவும் களையெடுப்பும் செய்ததோடு மாட்டுக்கொட்டகையைத் துப்புரவு செய்தார். சிறுவர்கள் மாடு மேய்த்தனர். எனவே ஒருவருக்கு அளக்கப்பட்ட படி உண்மையில் ஒரு குடும்பத்தின் உழைப்பை வாங்கியது. அறுவடையின்போது களத்தில் சிறிது நெல்லும், பண்டிகைக்குத் துணியும் கிடைத்தன. வேலையற்ற கோடை மாதங்களிலும் படி நிற்காது என்பதே இம்முறையில் தொழிலாளிக்கு இருந்த முதன்மையான பயன். கூலியாளுக்கு அதுவும் இல்லை.

கடனும் மனையும்

1843 ஆம் ஆண்டின் சட்டம் இந்தியாவில் அடிமை நிலைக்கு இருந்த சட்ட ஏற்பை நீக்கியது. 1862 இல் நடைமுறைக்கு வந்த இந்தியத் தண்டனைச் சட்டம் அடிமை வணிகத்தைக் குற்றமாக்கியது. ஆயினும் படியாள் முறை அதன் பின்னரும் நூறாண்டுக்கு மேல் நீடித்தது. படியாளைப் பிணைத்தது விலைச்சீட்டு அன்று, கடன். திருமணத்துக்கோ சாவுச் செலவுக்கோ முன்பணம் பெற்றவர், அதைத் தீர்க்கும்வரை வேறிடம் செல்ல இயலாது. தானியமாகப் பெறும் ஊதியத்திலிருந்து பணக்கடனை அடைப்பது ஏறக்குறைய நடவாத செயல் என்பதால், தந்தையின் கடன் மகனுக்கு வந்தது. சேரியில் குடிசை நின்ற மனையும் பல ஊர்களில் மிராசுதாருக்கு உரியதாகக் கருதப்பட்டது. எதிர்த்தால் வேலையோடு வீடும் போகும். செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் 1891 இல் அரசுக்கு அளித்த அறிக்கை இந்நிலையை விரிவாக எடுத்துரைத்தது. ஒடுக்கப்பட்டோருக்கு நிலம் ஒதுக்கும் 1892 ஆம் ஆண்டு ஆணைக்கு அதுவே வழிவகுத்தது.

இக்கட்டிலிருந்து விடுபட இருந்த வழிகளுள் ஒன்று கடல் கடப்பது. 1860 முதல் 1911 வரை நாட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரில் ஆற்காட்டு மாவட்டத்தினர் பலர். ஒரு பிணைப்பிலிருந்து தப்ப இன்னொரு பிணைப்புக்குக் கையெழுத்திட வேண்டியிருந்தது.

இதே காலத்து ஸ்காட்லாந்துடன் ஒப்பிட்டால் வேறுபாடு விளங்கும். அங்கும் ஏர் ஓட்டிய பண்ணையாள் ஓட்சு மாவு, உருளைக்கிழங்கு, பால் ஆகியவற்றையே ஊதியத்தின் பெரும்பகுதியாகப் பெற்றார். அங்கும் வேலை போனால் பண்ணை வீடும் போயிற்று. ஆனால் மணமாகாதவர் ஆறு மாதத்துக்கும் மணமானவர் ஓராண்டுக்கும் மட்டுமே ஒப்பந்தம் செய்தனர். தவணை முடிந்ததும் ஆள்சேர்ப்புச் சந்தைக்குச் சென்று வேறு பண்ணையாரைத் தேடினர். பண்ணையாருக்கு அவர்கள் காட்டிய எதிர்ப்பே இந்த இடமாற்றம்தான். 1912 இல் அவர்களுக்கெனத் தொழிற்சங்கமும் தோன்றியது. படியாளுக்குத் தவணை நாள் என ஒன்று இல்லை.

இருவேல்பட்டு ஆய்வுகள்

செஞ்சிக்குத் தெற்கே, திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தில் உள்ள இருவேல்பட்டு, இம்முறையின் போக்கை நெடுங்காலம் காட்டும் அரிய ஊர் ஆகும். சென்னைப் பல்கலைக்கழகப் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் சிலேட்டர், தம் மாணவர்களைக் கொண்டு 1916 இல் இவ்வூரை ஆராய்ந்தார். 1918 இல் வெளியான அவரது நூல், இங்குள்ள படியாட்களைக் கடனால் தலைமுறைகளாகக் கட்டுண்டவர்களாகக் காட்டுகிறது. பின்னர் 1930களிலும், 1980களின் தொடக்கத்திலும், 2008 இலும் இவ்வூர் மீண்டும் ஆராயப்பட்டது. ஒரு பெரிய நிலவுடைமைக் குடும்பத்தின் ஆதிக்கம் தளர்ந்ததையும், உழைப்போர் வேளாண்மைக்கு வெளியே வேலை தேடிக்கொண்டதையும் இவ்வாய்வுகள் பதிவு செய்கின்றன.

மறைவு

1952 ஆம் ஆண்டின் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் தஞ்சை மாவட்டத்துக்கு மட்டுமே உரியது. ஆற்காட்டுப் படியாளை அது எட்டவில்லை. 1971 ஆம் ஆண்டின் குடியிருப்பு மனைச் சட்டம் குடிசை நின்ற மனையைக் குடியிருந்தவருக்கே உரிமையாக்கியது. 1975 இல் அவசரச் சட்டமாக வந்து 1976 இல் சட்டமான கொத்தடிமை ஒழிப்புச் சட்டம், கொத்தடிமைக் கடன்களைச் செல்லாதவையாக்கியது. சட்டம் மட்டுமே இதைச் சாதித்ததாகக் கூற இயலாது. மின் இறைப்பி வந்தபின் கவலை ஓட்ட ஆள் தேவைப்படவில்லை, உழவு இயந்திரம் ஏரை அகற்றியது. கட்டட வேலையும் நகரமும் ரொக்கக் கூலி தந்தன. 2006 பெப்ரவரியில் ஊரக வேலை உறுதித் திட்டம் தமிழகத்தில் முதலில் தொடங்கிய ஆறு மாவட்டங்களில் விழுப்புரமும் திருவண்ணாமலையும் அடங்கும். நிலவுடைமையாளரின் வாசலில் நிற்காமலேயே பெறக்கூடிய கூலி அப்போது ஊருக்குள்ளேயே கிடைத்தது. இருப்பினும் செங்கற்சூளைகளிலும் அரிசி ஆலைகளிலும் முன்பணம் கொடுத்துக் குடும்பத்தோடு ஆளைப் பிணைக்கும் வழக்கம் அதன் பின்னரும் பலமுறை கண்டறியப்பட்டு, தொழிலாளர்கள் மீட்கப்பட்டுள்ளனர்.