அலக்கினால் வெளுக்குமா?

"அலக்கியால் வெளுக்குமோ டீச்சரே?"

கேட்டவளுக்கு நாலு வயசு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் முழங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே கேட்டாள். அவன் அப்பா ஒடிசாவிலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர். பையன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அவனுக்கும் பதில் தெரிய வேண்டும்போல என்னையே பார்த்தான்.

மலையாளத்தில் அலக்குவது என்றால் துணி துவைப்பது. கொச்சியிலுள்ள மட்டாஞ்சேரியில் 20 வருஷத்துக்கு மேலாக அங்கன்வாடி டீச்சராக இருக்கிறேன். இந்தக் கேள்வி என்னிடம் வந்தது பொருத்தம்தான், என் தாத்தா வண்ணார். டச்சுக்காரர்கள் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து கூட்டிவந்த குடும்பங்களின் வழி நாங்கள். ஃபோர்ட் கொச்சியில் 'வெளி' என்ற இடத்தில் இன்றும் தோபிகானா நடக்கிறது. கிளிப் கிடையாது. இரட்டைக் கயிற்றை முறுக்கிக் கட்டி, அந்த இடுக்கில் துணியின் முனையைச் செருகிக் காயப்போடுவார்கள். எது வெளுக்கும், எது வெளுக்காது என்பதெல்லாம் எங்கள் வீட்டுப் படிப்பு.

மறுநாள் இரண்டு துணி கொண்டுபோனேன். ஒன்று சாயம் போகும் சிவப்புத் துணி. இன்னொன்று என் பழைய பச்சைப் புடவையின் துண்டு, எத்தனை தடவை அடித்துத் துவைத்தாலும் நிறம் விடாதது. பக்கெட்டில் முக்கியதும் சிவப்பு தண்ணீரையே மாற்றிவிட்டது, பச்சை அப்படியே இருந்தது. பிறகு ஆளுக்கொரு ஈரக் கைக்குட்டை கொடுத்து அவரவர் கையைத் துடைக்கச் சொன்னேன். எல்லார் கைக்குட்டையிலும் வந்தது அழுக்குதான். கேள்வி கேட்டவளுடையதில் கொஞ்சம் கூடுதல், அன்று மணலில் விளையாடியிருந்தாள். "தோலுக்குள்ளே மெலனின்னு ஒரு பொருள் இருக்கு, அதுதான் நிறம் தருது. சிலருக்கு நிறைய, சிலருக்குக் கொஞ்சம். அம்மா அப்பாகிட்டேயிருந்து வர்றது, சாயம் இல்லை" என்று சொன்னேன். நாலு வயசுக்கு அது போதும்.

"அப்படியெல்லாம் கேட்கக் கூடாது, எல்லாரும் ஒண்ணுதான்" என்றும் முடித்திருக்கலாம். அந்த வாக்கியத்தோடு எனக்குப் பழைய கணக்கு ஒன்று உண்டு. நான் படித்த பள்ளிக்கூடத்தில் என்னைப் 'பாண்டி' என்பார்கள். தமிழரை மட்டம் தட்டக் கேரளத்தில் புழங்கும் சொல். அழுதுகொண்டு போய் நின்றால் டீச்சர், எல்லாரும் ஒண்ணுதான், போய் உட்கார் என்பார். ஒண்ணுதான் என்றால் எனக்கு மட்டும் ஏன் பட்டப்பேர்? அப்படிக் கூப்பிட்டவனிடம், அந்தச் சொல் தப்பு என்று அவர் ஒரு தடவை சொல்லியிருந்தால் எனக்குப் போதுமாயிருந்திருக்கும். இப்போது அந்த இடத்தில் வடக்கேயிருந்து வருகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களுக்கு 'பாயி'. இந்தி அகராதியில் அதற்குச் சகோதரன் என்று பொருள். கூப்பிடும் தொனியில் சகோதரன் இல்லை.

சின்னக் குழந்தைக்குப் பேதம் எங்கே தெரியும் என்பவர்கள் உண்டு. 1940-களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் தம்பதி 3 வயது முதலான கறுப்பினக் குழந்தைகளிடம் நிறம் மட்டும் வேறான பொம்மைகளைக் கொடுத்து எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலோர் வெள்ளையைக் காட்டினார்கள். பள்ளிகளில் நிறவாரியாகப் பிரிப்பது செல்லாது என்ற 1954 தீர்ப்பில் இந்த ஆய்வும் பேசப்பட்டது.

லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் என்ற அமெரிக்க ஆசிரியை 1989-இல் சகாக்களோடு எழுதிய புத்தகத்தில்தான் பாரபட்சத்துக்கு எதிரான மழலைக் கல்வி ஒரு முறையாக உருவானது. அதில் அவர் ஒரு கேலி செய்கிறார்: 'டூரிஸ்ட் பாடத்திட்டம்'. வருஷத்தில் ஒருநாள் மற்றவர்களின் உடையைப் போட்டு, பலகாரத்தைத் தின்று, மறுநாள் பழைய பாடத்துக்குத் திரும்பிவிடுவது. மட்டாஞ்சேரிக்காரிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 1568-இல் கட்டிய யூதர்களின் பரதேசி சினகாக்கைப் பார்க்கப் பஸ்ஸில் வருகிறார்கள், படம் எடுத்துக்கொண்டு போகிறார்கள். செர்ளாயில் கொங்கணி பேசுகிறவர்களும், குஜராத்தி ரோட்டில் கடை வைத்திருப்பவர்களும், கச்சி மேமன்களும் எங்களுக்குக் காட்சிப்பொருள் இல்லை, பால் வாங்குமிடத்தில் பார்க்கிற முகங்கள். ஆனாலும் ஆகஸ்ட் 15-க்கு நாங்களும் தலைப்பாகை கட்டி மாறுவேடம் நடத்தினவர்கள்தான். நானே தைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது சுவரில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். தண்ணீருக்கு ஒவ்வொரு வீட்டிலும் என்ன சொல்கிறார்கள் என்ற பட்டியல். மலையாளத்தில் வெள்ளம் (என் மதுரைச் சித்தி முதல்தடவை வந்தபோது "வெள்ளம் வேணுமா" என்று கேட்டதும் வாசலை எட்டிப் பார்த்தாள்), கொங்கணியில் உதாக், வங்காளத்தில் ஜொல். ஒடியாப் பையன் 'பாணி' என்றான். குஜராத்தி வீட்டுப் பிள்ளை ஒருத்தி எழுந்து, எங்கள் வீட்டிலும் பாணிதான் என்றாள். அன்றிலிருந்து இருவரும் ஒரே பாயில்.

அரசு சும்மா இருப்பதாகச் சொல்ல மாட்டேன். 2017-இல் எர்ணாகுளம் மாவட்ட நிர்வாகம் தொடங்கிய ரோஷ்ணி திட்டத்தில், புலம்பெயர்ந்த தொழிலாளர் பிள்ளைகளுக்குக் காலையில் பள்ளி தொடங்குமுன் சிற்றுண்டி கொடுத்து, அவர்கள் மொழி தெரிந்தவர்களை வைத்தே மலையாளம் சொல்லித் தந்தார்கள். ஆண்-பெண் பேதத்தையும் விடவில்லை: 2024-இல் வந்த கேரள மூன்றாம் வகுப்புப் பாடப்புத்தகத்தில் அப்பா அடுக்களையில் உட்கார்ந்து தேங்காய் துருவுகிற படம் இருக்கிறது. அதைப் பெரிய செய்தியாக்கினோம் என்பதே நம் வீட்டு அடுக்களைகளைப் பற்றிய செய்திதான்.

மிச்சம் பெற்றோர் கையில். உங்கள் பிள்ளை பஸ்ஸில் சத்தமாக, "அந்த மாமா ஏன் இவ்வளவு கறுப்பு?" என்று கேட்டால் வாயைப் பொத்தாதீர்கள். பொத்தினால், கறுப்பு என்பது கேட்கவே கூடாத அசிங்கம் என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளும். இறங்குமுன், அந்த மாமாவுக்கும் கேட்கிற குரலிலேயே பதில் சொல்லுங்கள்.