பேசி முடிக்காத வழக்கு

கொங்குச் சீமையில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை வெளியே கசிந்தால், போலீஸுக்கு முன்பே வீட்டு வாசலுக்கு வந்து நிற்பவர்கள் ஊர்ப் பெரியவர்கள். "பேசி முடிச்சுக்கலாமுங்க. புள்ள பேரு கெட்டுப் போயிருமுங்க." இதை மிரட்டலாகச் சொல்ல மாட்டார்கள், அக்கறையாகத்தான் சொல்வார்கள். அந்த அக்கறையிலேயே பல வழக்குகள் பிறக்காமல் போயின.

சட்டம் இந்தப் பேரத்தை ஏற்கவே இல்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டு தண்டனையைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு 2006 ஜூலையில் இந்தியாவில் நடைமுறைக்கு வந்தபோதே, பெண்களுக்கு எதிரான குற்றங்களை அதிலிருந்து விலக்கிவிட்டார்கள். ஆனாலும் சமரசம் நீதிமன்றத்துக்குள்ளேயே நுழைந்ததுண்டு. கடலூர் மாவட்ட வழக்கு ஒன்றில் தண்டனை பெற்றவரை, அந்தப் பெண்ணோடு சமரசம் பேசட்டும் என்று 2015 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் ஜாமீனில் விட்டது. பாலியல் வன்கொடுமையில் சமரசத்துக்கு எந்தச் சூழலிலும் இடமில்லை என்று வேறொரு வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டித்த பிறகே, ஜூலையில் அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது.

பிறகு வந்தது பொள்ளாச்சி. 2019 பிப்ரவரி 24 அன்று 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர் ஒரு கும்பல் மீது புகார் கொடுத்தார். பழகி, ஏமாற்றி, வீடியோ எடுத்து, அதைக் காட்டியே மிரட்டுவது அந்தக் கும்பலின் வழி. அவர்கள் நம்பியிருந்ததும் பெயர் கெட்டுவிடும் என்ற அதே பயத்தைத்தான். புகாருக்குப் பின் மாணவியின் சகோதரர் தாக்கப்பட்டார். அதைவிடப் பெரிய கொடுமையை அரசு செய்தது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளியிடுவது 1983 முதலே குற்றம். அப்படியிருந்தும் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரே செய்தியாளர்கள் முன் அவர் பெயரைச் சொன்னார்; சி.பி.ஐ.க்கு மாற்றும் அரசாணையிலும் பெயர் அச்சானது. 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது உயர் நீதிமன்ற மதுரைக் கிளை. இனி எந்தப் பெண் ஸ்டேஷன் படி ஏறுவாள் என்று ஊரே கேட்டது. நியாயமான கேள்வி அது.

மாணவி புகார் கொடுத்த அதே வாரத்தில் அமெரிக்காவிலும் ஒரு தீர்ப்பு வந்தது. சிறுமிகளைப் பாலியல் கொடுமைக்கு ஆளாக்கிய பணக்காரர் ஜெஃப்ரி எப்ஸ்டீனோடு, வழக்குத் தொடராமலிருக்க 2007இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அரசு வழக்கறிஞர்கள் பாதிக்கப்பட்ட சிறுமிகளிடமிருந்து மறைத்தது சட்டமீறல் என்று ஃபுளோரிடா கூட்டாட்சி நீதிபதி ஒருவர் சொன்னார். மேல்முறையீட்டில் அந்த வழக்கு நிற்கவில்லை. இங்கே பெரியவர்கள் திண்ணையில் முடிப்பதை அங்கே அதிகாரிகளே கோப்பில் முடித்திருந்தார்கள். இரண்டு இடத்திலும் அந்தப் பெண்களிடம் யாரும் கேட்கவில்லை.

பொள்ளாச்சி வழக்கை விசாரித்த கோவை மகளிர் நீதிமன்றத்தில் நடந்தது வேறு. விசாரணை மூடிய அறையில் நடந்தது. எட்டுப் பெண்கள் சாட்சி சொன்னார்கள். பிறழ்சாட்சி ஒருவர்கூட இல்லை என்றார் அரசு வழக்கறிஞர். இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்த்தவர்களுக்கு இதன் கனம் தெரியும். இரண்டாம் ஆண்டில் கல்யாணம் நிச்சயமாகும், மூன்றாம் ஆண்டில் உறவுக்காரர் வருவார், நான்காம் ஆண்டில் "எனக்கு ஞாபகமில்லை" என்று சாட்சிக்கூண்டில் சொல்லிவிடுவார்கள். இங்கே ஆறு ஆண்டுகள் யாரும் அப்படிச் சொல்லவில்லை. 2025 மே 13 அன்று நீதிபதி நந்தினி தேவி குற்றவாளிகள் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தார். அந்தப் பெண்களுக்கு 85 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டார். 2019இல் ஊடகத்தில் சிந்திய பெயர், நீதிமன்ற அறைக்குள் காக்கப்பட்டது. பெயர் காக்கப்பட்டால் பேரம் பேச வருபவர் கையில் ஒன்றுமில்லை என்பதை எனக்குக் காட்டியது இந்த வழக்குதான்.

ஆனாலும் ஆறு ஆண்டு நீளம் என்பது பேரத்துக்குத் திறந்த வாசல். இந்த எட்டுப் பேர் தாங்கினார்கள் என்பதற்காக எல்லோரும் தாங்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அநியாயம். குழந்தைகள் வழக்கில் நிலைமை இன்னும் மோசம்: பள்ளி பெயரைக் காப்பாற்ற நிர்வாகமும், குடும்பப் பெயரைக் காப்பாற்றச் சொந்தமும் ஒரே பேச்சைப் பேசும். குடும்பமே சமாதானமாகிவிட்டது என்பதற்காக ஆசிரியர் ஒருவர் மீதான போக்சோ வழக்கை ராஜஸ்தான் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது; 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை மீண்டும் உயிர்ப்பித்தது. ஊரில் சமாதானம் பேசக் கிளம்புகிறவர்கள் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவையும் படித்துவிட்டுக் கிளம்பட்டும். குழந்தைக்கு நடந்தது தெரிந்தும் போலீஸில் சொல்லாமல் இருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை.