ராஜபாளையம் நாய்களை இணை சேர்க்கும் முறை

ராஜபாளையம் தொடங்கி ஸ்ரீவில்லிபுத்தூர் வரையில் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தை ஒட்டியுள்ள மாந்தோப்புகளிலும் தென்னந்தோப்புகளிலும் காவலுக்கு நாய் வளர்ப்பது நெடுநாளைய வழக்கமாகும். அவற்றுள் வெண்ணிற உடலும், இளஞ்சிவப்பு மூக்கும், பொன்னிறக் கண்ணும், ஒடுங்கிய வயிறும், நீண்ட கால்களும் உடைய ராஜபாளையம் ஜாதி நாய், பாளையக்காரர் காலத்திலேயே வேட்டைக்கும் காவலுக்கும் வைக்கப்பட்டிருந்ததாகச் சொல்லப்படுகிறது. 2005ஆம் ஆண்டு ஜனவரி 9ஆம் தேதி இந்திய நாய் ஜாதிகள் நான்கிற்குத் தபால் தலை வெளியிடப்பட்டபோது அவற்றுள் இதுவும் ஒன்றாயிருந்தது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்டு 30ஆம் தேதி பிரதம மந்திரியின் வானொலி உரையிலும் இதன் பெயர் கூறப்பட்டது. பிரசித்தி ஏற ஏறக் குட்டிகளை நாடுவோர் தொகையும் பெருகும். நாடுவோர் பெருகவே, நாளும் பாராமல் வம்சமும் பாராமல் கையில் கிடைத்த ஆணையும் பெட்டையையும் ஒன்றாய் அடைத்துவிடும் வழக்கத்திற்கும் இடமுண்டாகும். இதனால் வரும் நஷ்டம் உடனே தெரிவதன்று. பெட்டை சினைப்படாமல் அரை வருஷம் வீணாவது ஒன்று. காது கேளாத குட்டிகள் பிறந்து ஜாதியே கெடுவது மற்றொன்று. பின்னதே பெரிது.

மாடு வளர்ப்பதில் தேர்ந்த விவசாயிகளே நாய் விஷயத்தில் நாள் தவறுவதைக் காணலாம். பசு பருவத்திற்கு வந்தால் அந்நிலை அரை நாளிலிருந்து முக்கால் நாள் வரையே நிற்கும். ஆதலால் காலையில் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் சினைக்கு விடுவது பழகிப்போன விதி. அவ்விதியை நாய்க்கும் கொண்டு, உதிரம் கண்ட அன்றே பெட்டையை வண்டியிலேற்றி ஆண் நாய் உள்ள இடத்திற்குக் கொண்டுபோவோர் பலர். நாயின் உடற்கூறோ வேறு. உதிரம் கண்டபின் ஏறத்தாழ ஒன்பது நாட்கள் வரை ஆண் அதனை நாடிவரும். பெட்டையோ அதனை அண்டவிடாது. உறுமும், உட்கார்ந்துகொள்ளும், திரும்பிக் கடிக்கும். இந்நாட்களில் இரண்டையும் ஓர் அறையில் பூட்டிவிட்டுப் போனால், காலையில் கதவைத் திறக்கும்போது காது கிழிந்த நாயைக் காணலாமேயன்றி வேறு பயனில்லை. அவ்வாறு ஒருமுறை கடிபட்ட இளம் ஆண் நாய் பிற்பாடு நல்ல பருவத்திலுள்ள பெட்டையையும் அஞ்சி ஒதுங்குவதுண்டு.

ஆகையால் உதிரம் முதலில் கண்ட நாளை ஒரு காகிதத்தில் குறித்துவைப்பதே முதல் வேலையாகும். பின்னர் உதிரம் வெளிறி நீர்த்தன்மை அடையும். தடித்திருந்த குறி இளகும். இடுப்பின்மேல் கைவைத்தால் பெட்டை வாலை ஒருபுறம் ஒதுக்கி அசையாது நிற்கும். பெரும்பாலும் 10ஆம் நாளுக்கும் 14ஆம் நாளுக்கும் இடையில் இக்குறிகள் காணும். எனினும் சில பெட்டைகள் ஏழாம் நாளிலும் சில மிகத் தாமதித்தும் இந்நிலைக்கு வருமாதலால், நாட்கணக்கை மட்டும் நம்பாமல் பெட்டையின் நடத்தையையே சாட்சியாகக் கொள்ளவேண்டும். கால்நடை மருத்துவர் குறியின் உட்புறத்திலிருந்து பஞ்சினால் எடுத்த பசையைப் பூதக்கண்ணாடியில் பார்த்தும், இரத்தத்தைச் சோதித்தும் இந்நாளை இன்னும் செவ்வையாகக் கூறமுடியும். முன் இருமுறை சினை தவறிய பெட்டைக்கு இச்சோதனை செய்வது சிலாக்கியம்.

நாயின் கருமுட்டை வெளிப்பட்டவுடன் பக்குவமாயிருப்பதில்லை. இரண்டு மூன்று நாட்கள் கழிந்தே கருத்தரிக்கத்தக்க நிலையை அடைகிறது. ஆணின் விந்தோ பெட்டையின் உடலில் ஐந்து நாட்கள் அளவும் உயிரோடிருக்க வல்லது. ஒருநாள் இடைவிட்டு இருமுறை சேர்ப்பதே போதுமென்று அனுபவசாலிகள் கூறுவதற்குக் காரணம் இதுவே.

எந்த இடத்தில் சேர்ப்பது என்பதும் கவனிக்கத்தக்கது. பெட்டையையே ஆணின் இருப்பிடத்திற்குக் கொண்டுபோக வேண்டும். ஆணை அயலிடத்திற்குக் கொண்டுவந்தால் அது மூலைமுடுக்கெல்லாம் மோப்பம் பிடிப்பதிலேயே பொழுதைக் கழிக்கும். பெட்டையும் தன் வீட்டில் புகுந்த அந்நிய நாயென்று அதன்மேல் பாயும். ராஜபாளையம் நாய் ஓர் எசமானனிடமே பற்றுக்கொண்டு பிறரைத் தொடவிடாத குணமுடையதாகையால், ஒவ்வொரு நாயையும் அதனதன் எசமானனே பிடித்திருக்கவேண்டும். வேடிக்கை பார்க்கும் கூட்டத்தையும் சிறுபிள்ளைகளையும் அப்புறப்படுத்திவிட வேண்டும். கோடையில் விடியற்காலையே ஏற்ற வேளை. இரண்டும் வயிறு நிறையத் தின்றிருக்கலாகாது. தீனிச் சட்டியும் எலும்பும் அங்கே கிடக்கலாகாது, அவற்றின்பொருட்டே சண்டை மூளும்.

முதலில் படலையோ கம்பி வேலியையோ நடுவில் வைத்து இரண்டும் மோந்து பார்க்கும்படி விடவேண்டும். அரைமணி நேரம் இவ்வாறு கழிந்தபின், கழுத்துப்பட்டையில் வார் மாட்டி, இரண்டையும் சற்று விலகி ஒரே திசையில் நடத்திச் செல்லவேண்டும். நேருக்கு நேர் முகம் பார்க்க நிறுத்துவது தவறு. நாய்களிடையே அது சண்டைக்கு அழைப்பதாகும். பெட்டை முன்னங்காலைத் தாழ்த்தி விளையாட்டுக் காட்டினால் வாரைத் தளர்த்தி வேலியிட்ட முற்றத்தில் விடலாம். உறுமினால் அன்றைய வேலையை அத்துடன் நிறுத்தி, இரண்டு நாள் கழித்து மறுபடி முயல்வதே தக்கது. பெட்டையின் காலைக் கட்டியும் வாயைக் கயிற்றால் இறுக்கியும் பலவந்தமாய்ச் சேர்ப்பது கொடுமை மட்டுமன்று, வீண்வேலையும் ஆகும். நாள் வந்திருந்தால் பெட்டை தானே நிற்கும், வராவிடில் கட்டிவைத்தாலும் கரு நில்லாது. முதன்முறை சேர்க்கும் பெட்டைக்குப் பழகிய ஆணையும், முதன்முறை சேரும் ஆணுக்குப் பழகிய பெட்டையையும் தேர்ந்தெடுப்பது நலம்.

இணைந்தபின் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து, ஆண் திரும்பிக்கொண்டு, 10 நிமிஷத்திலிருந்து அரைமணி வரையிலும் சிலபோது அதற்கு மேலும் நிற்கும். இது இயற்கை. தண்ணீர் ஊற்றுவதும் தடியால் தட்டிப் பிரிப்பதும் இரண்டிற்கும் உட்காயம் விளைவிக்கும். பெட்டை படுத்து உருளாதபடி எசமானன் தலைப்பக்கம் நின்று அமைதியாய்ப் பிடித்திருந்தால் போதுமானது. பிரிந்தபின் பெட்டையை வீட்டிற்குக் கொண்டுசென்று, பருவம் முற்றும் அடங்கும்வரை கதவுள்ள அறையில் வைத்திருக்கவேண்டும். ஆணைச் சேர்த்தாயிற்றே என்று அவிழ்த்து விட்டால் தெருநாயும் சேரும். ஒரே ஈற்றில் இரண்டு தந்தையின் குட்டிகள் பிறப்பது நாய்களில் இயல்பே.

தெருநாயினால் இன்னொரு தீங்கும் உண்டு. குறியில் பூக்கோசுபோல் வளர்ந்து உதிரம் கசியும் புற்றுக்கட்டி, சேர்க்கையினாலேயே நாய்க்கு நாய் பரவுவது. நம் நாட்டுத் தெருநாய்களில் மிகுதியாய்க் காணப்படுவது. கருச்சிதைவு உண்டாக்கும் புருசெல்லா நோயும் அவ்வாறே பரவும், மனிதரையும் பற்றக்கூடியது. பெயர்பெற்ற ஆண் ஒன்று நோயுற்றால் சுற்றுவட்டாரப் பெட்டைகள் அனைத்திற்கும் அது நோயைப் பகிர்ந்தளித்துவிடும். எனவே ஆணின் சொந்தக்காரர் பெட்டையையும், பெட்டையின் சொந்தக்காரர் ஆணையும் மருத்துவரிடம் காட்டச் சொல்லிக் கேட்பது அவமரியாதையாகாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசி முதலியவற்றையும் குடற்புழு மருந்தையும் சேர்க்கைக்கு முன்னரே முடித்திருக்கவேண்டும்.

இனி, எந்த ஆணோடு எந்தப் பெட்டையைச் சேர்ப்பது என்னும் முக்கிய விஷயம். இந்த ஜாதியின் பெருங்குறை பிறவிச் செவிடு. வெண்ணிறத்தைத் தரும் அதே காரணமே செவியையும் கெடுக்கிறது. உட்செவியில் நிறம் தரும் நுண்ணணுக்கள் இருந்தாலொழிய அங்குள்ள கேட்கும் உறுப்பு நிலைபெறாது. உடல் முழுதும் வெளுத்த குட்டிகளில் சிலவற்றிற்கு அவ்வணுக்கள் உட்செவிக்கும் எட்டுவதில்லை. பிறந்த சில வாரங்களுக்குள் செவியுறுப்பு சிதைந்து, பின் எம்மருந்தாலும் மீளாது. நீலக்கண் உடைய குட்டிகளில் இக்குறை அதிகம் காணப்படுகிறது.

இதில் விவசாயிகள் ஏமாறும் இடம் யாதெனில், ஒரு செவி மட்டும் கேளாத நாயே. அது கூப்பிட்டால் வரும், திருடனைக் கண்டால் குரைக்கும். வளர்த்தவருக்கே சந்தேகம் தோன்றாது. ஆனால் குட்டிகளுக்குச் செவிட்டைக் கடத்துவதில் அதற்கும் பங்குண்டு. பிரிட்டனில் புள்ளிகளையுடைய டால்மேஷன் என்னும் வெள்ளை நாய்களில் இதே குறை உண்டு. 1992 முதல் 2019 வரையில் அந்த ஜாதிக் குட்டிகளைக் கருவியினால் சோதித்ததில், நூற்றுக்கு ஏறத்தாழ 18 குட்டிகள் ஒரு செவியிலேனும் கேளாதவையாயிருந்தன. அவற்றுள் பெரும்பகுதி ஒரு செவி மட்டும் கெட்டவை. இருசெவியும் கேட்கும் நாய்களையே தேர்ந்து சேர்த்துவந்தபடியால் இக்காலத்தில் அக்குறை மூன்றில் ஒரு பங்கு அளவு குறைந்தது. பிறக்கும்போதே நிறத்திட்டு உடைய டால்மேஷன் குட்டிகளில் செவிடு குறைவென்பதும் தெரியவந்தது. ராஜபாளையம் குட்டிகளில் சற்றே நிறம் கலந்தவற்றை ஒதுக்கி, பால்வெள்ளையையே தேடி எடுப்போர், செவி நலத்தையும் சேர்த்து ஒதுக்குகிறார்களோ என்று எண்ணிப் பார்ப்பது நல்லது.

ஒலியெழுப்பி மூளையில் உண்டாகும் மின்அலையைப் பதிவு செய்யும் அக்கருவி எல்லா ஊரிலும் கிடைப்பதன்று. கிடைக்கும் இடத்தில் ஐந்து வார வயதிற்குமேல் குட்டிகளைச் சோதிக்கலாம். இல்லாதவிடத்து ஒவ்வொரு குட்டியையும் தனியே பிரித்து, அது தூங்கும்போது சுவருக்கு அப்பாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்கிப் பார்க்கலாம். தாயோடும் உடன்பிறப்போடும் இருக்கையில் கேளாத குட்டியும் மற்றவை எழுவதைக் கண்டு எழும். கை தட்டினால் காற்றசைவும் தரையதிர்வும் அதனை எழுப்பிவிடும். இரு செவியும் கெட்டதை இதனால் அறியலாம். ஒரு செவி கெட்டதை முற்றும் அறிய இயலாது. எனினும் ஒலி வந்த திசை தெரியாமல் சுற்றுமுற்றும் தேடும் குட்டியை இனவிருத்திக்கு வையாதிருப்பதே விவேகம். செவிட்டுக் குட்டி ஈன்ற ஜோடியை மறுபடி சேர்க்கலாகாது. அந்த ஈற்றில் பிறந்த நல்ல குட்டியையும் வேறு வம்சத்திலேயே கொடுக்கவேண்டும்.

வேறு வம்சம் கிடைப்பதுதான் கஷ்டம். ஒரு வட்டாரத்தில் பெயர்பெற்ற ஆண் இரண்டொன்றே இருந்தால், சில ஆண்டுகளில் அங்குள்ள நாய்களெல்லாம் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பாகிவிடும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துப் பெட்டைக்கு ராஜபாளையத்து ஆணைத் தேடுவதனால் மட்டும் இரத்தம் வேறாகிவிடாது. இரண்டின் பாட்டனும் ஒன்றாயிருக்கக்கூடும். சேர்க்கைக் கூலியாக ஆணின் சொந்தக்காரர் ஒரு குட்டியைப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தில் இவ்வபாயம் அதிகம். அக்குட்டி பெட்டையாயின், வளர்ந்தபின் தந்தையோடேயே சேர்ந்துவிட இடமுண்டு. அவ்விடத்துக் கூலியைப் பணமாகக் கொடுத்துவிடுவதோ ஆண்குட்டியைக் கொடுப்பதோ மேல்.

1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் 2017இல் வகுக்கப்பட்ட நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளைக் கிராம அதிகாரிகளும் அறிந்திருப்பது அவசியம். விற்பனைக்காக இனவிருத்தி செய்வோர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்துகொள்ளவேண்டும். 18 மாதம் நிரம்பாத நாயைச் சேர்க்கலாகாது. பெட்டை ஆண்டிற்கு ஒருமுறைக்கு மேலும், ஆயுளில் ஐந்து முறைக்கு மேலும், எட்டு வயதிற்குப் பின்னும் ஈனலாகாது. எட்டு வாரம் நிரம்பாத குட்டியை விற்கலாகாது.

நாயின் சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். சேர்த்த இரு தேதிகளையும், தாய் தந்தை பாட்டன் பாட்டியின் விவரத்தையும், ஈன்ற குட்டிகளின் தொகையையும், அவற்றுள் கேளாதவை எத்தனையென்பதையும் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்து, குட்டியை வாங்குவோருக்கு அதன் பிரதி ஒன்றைக் கொடுக்கவேண்டும். அவ்வாறு எழுதாதவரிடம் வாங்குவோர் கேட்டுப் பெறவேண்டும்.