ஹார்விபட்டி: பெயர் வந்த வழி

திருமங்கலத்திலிருந்து மதுரைக்குப் போகிற வழியில், திருப்பரங்குன்றத்தை ஒட்டி ஹார்விபட்டி வரும். பட்டிக்கு முன்னால் இருப்பது ஸ்காட்லாந்துக்காரர் இருவரின் குடும்பப் பெயர். ஆண்ட்ரூ ஹார்வி, ஃபிராங்க் ஹார்வி என்ற சகோதரர்கள் அவர்கள்.

1880-களில் பாபநாசத்தில் தாமிரபரணித் தண்ணீரின் வேகத்தில் நூற்பாலை ஓட்டியவர்கள், அடுத்துத் தூத்துக்குடியிலும் மதுரையிலும் ஆலை கட்டினார்கள். மதுரை மில்லின் தொழிலாளர்களுக்காக எழுந்த குடியிருப்புதான் ஹார்விபட்டி.

வீடு கொடுத்த கம்பெனிதான். ஆனால் கூலி விஷயத்தில் கை இறுக்கம். தூத்துக்குடியில் அவர்களுடைய கோரல் மில்லில் 1908 பிப்ரவரியில் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். பின்னால் நின்றவர்கள் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும். சில நாட்களிலேயே நிர்வாகம் இறங்கி வந்தது. கூலி உயர்ந்தது, ஞாயிற்றுக்கிழமை விடுமுறையும் கிடைத்தது.

1974-ல் ஹார்வி சகோதரர்கள் தொடங்கிய மதுரா மில்ஸ், தையல் நூலுக்குப் பேர்போன கோட்ஸ் கம்பெனியோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆனது. அந்தக் கோட்ஸும் ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி ஊர்க் குடும்பப் பெயரேதான்!