சாக்பீஸ் தூசி – 9: எட்டு வயது வாத்தியார்

போன வாரம் நாங்குநேரியில் விட்டிருந்தேன். 2023 ஆகஸ்டில் அங்கே ஒரு பட்டியல் சாதி மாணவனைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டியதும், பள்ளிகளில் ஜாதி வன்முறையைத் தடுப்பது பற்றிப் பின்னால் வந்த நீதிபதி சந்துரு அறிக்கையும் உங்களுக்கு மறந்திருக்காது. இந்த வாரம் மாணவர்கள் கையிலிருக்கும் ஜாதிக் கயிற்றையும், அதைக் கண்டிக்கப் பயப்படும் ஆசிரியர்களையும் பற்றிப் பேசுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் ஸ்காட்லாந்துப் பாதிரியார் ஆண்ட்ரூ பெல் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டார்.

1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆண்பிள்ளைகளுக்கான அநாதை இல்லம் அவர் பொறுப்புக்கு வந்தது. ஒருநாள் குதிரையில் போகிறபோது நம் ஊர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைப் பார்த்தார். தன் பள்ளியிலும் மணலைப் பரப்பச் சொன்னார். கீழ்வகுப்பின் உதவி ஆசிரியர், "இப்படிச் சொல்லிக்கொடுக்க முடியாது" என்று கைவிரித்துவிட்டார். பெல் அந்த வகுப்பை ஜான் ஃபிரிஸ்கன் என்ற சிப்பாய் மகனிடம் கொடுத்தார். அவனுக்கு வயது எட்டு. வகுப்பு நடந்தது! 1797-இல் லண்டனில் பெல் இதைப் பற்றிப் புத்தகம் போட, பிள்ளைகளை வைத்தே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் இந்த 'மெட்ராஸ் முறை' இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் 'மெட்ராஸ் காலேஜ்' என்ற பள்ளி இன்றும் அதே பெயரில் இருக்கிறது. பிள்ளைக்குப் பிள்ளை சொல்லிக்கொடுப்பதோ நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளைக்குப் பழகிய வேலை.

எல்லோரும் பெல்லைக் கொண்டாடுகிறார்கள். எனக்கு அந்த உதவி ஆசிரியரிடம்தான் பேச வேண்டும் போலிருக்கிறது. ஏன் முடியாது என்றார்? சம்பளம் போதவில்லையா, பிள்ளைகள் அதிகமா, தன்னை ஒரு வார்த்தை கேட்காமல் வந்த உத்தரவு என்பதாலா? ஆசிரியர் 'முடியவில்லை' என்றால் சோம்பேறி என்று முடிவுகட்டும் வழக்கம் அன்றைக்கே இருந்திருக்கிறது.

இன்றைக்கும் அதே கதைதான். சேரன்மகாதேவி பக்கம் ஓர் ஈராசிரியர் பள்ளி. அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். வகுப்புகளோ ஐந்து. நான் போன அன்று தலைமையாசிரியர் வட்டார வள மையத்தில் கூட்டத்துக்குப் போயிருந்தார். சத்துணவுக் கூடத்துத் திண்ணையில்தான் சிக்னல் கிடைக்கும் என்பதால், டீச்சர் அங்கே நின்று பள்ளிக்கல்வித் துறையின் எமிஸ் செயலியில் வருகைப்பதிவு ஏற்றிக்கொண்டிருந்தார். உள்ளே ஐந்தாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி ஒன்றாம் வகுப்புக்கு 'அ' போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். 2009-ஆம் ஆண்டின் அதே சட்டத்தின் 27-ஆம் பிரிவு, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர கல்வி சாராத வேலை எதையும் ஆசிரியருக்குக் கொடுக்கக் கூடாது என்கிறது. செயலியில் விவரம் ஏற்றுவதும் பள்ளி வேலைதானே என்று சொல்லிவிடுகிறார்கள்.

"பாடம் நடத்துததுல எனக்கு அலுப்பே கெடையாது, அண்ணாச்சி. நடத்த விடமாட்டேங்காவ. அதாம் அலுத்துப்போச்சு" என்றார் டீச்சர். பணிக்கு வந்து பதினாறு வருஷமாம். விருப்ப ஓய்வு பற்றி வீட்டில் பேச ஆரம்பித்திருக்கிறார். பிள்ளைகள் பிடிக்காமல் போகிறவர் இல்லை இவர். இப்படி ஒருவரை இழக்க நமக்குக் கட்டுப்படியாகாது.

கயிறு அடுத்த வாரம். 2025 ஏப்ரலில் பாளையங்கோட்டைத் தனியார் பள்ளி வகுப்பறையில் எட்டாம் வகுப்பு மாணவன் சக மாணவனை அரிவாளால் வெட்டியபோது, தடுக்கப் போன ஆசிரியைக்கும் வெட்டு விழுந்தது. அங்கிருந்து தொடங்குகிறேன்.

(தொடரும்)