சாட்சியத்தை மறைக்காதீர்!



இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிகளிலிருந்து நம் பெண்மக்கள் கல்லூரிக்குச் செல்கின்றனர். அவர்களைப் பெற்றோர் மறக்கலாகாத நிகழ்வொன்று நம் மாவட்டத்திலேயே நிகழ்ந்தது.

அருப்புக்கோட்டைக் கல்லூரியொன்றின் பேராசிரியை, மதிப்பெண்ணும் பணமும் கிடைக்குமென ஆசை காட்டி, பல்கலைக்கழக மேலதிகாரிகளின் இச்சைக்கு இணங்குமாறு மாணவியர் நால்வரிடம் தொலைபேசியில் பேசினார். மாணவியர் இணங்காது முறையிட்டனர். எனினும் 2018 ஏப்ரலில் அவ்வுரையாடல் வெளியில் பரவிய பின்னரே அவர் கைதானார். 2024 ஏப்ரலில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றம் அவருக்குப் பத்தாண்டுச் சிறை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட இருவர், குற்றம் நிரூபிக்கப்படாததால் விடுதலையாயினர். விடுவிக்கப்பட்டோரைப் பழிப்பது நமக்குத் தகாது. ஆயினும், அப்பேச்சில் சுட்டப்பட்ட 'மேலதிகாரிகள்' எவர் என்னும் வினா எஞ்சியே நிற்கிறது.

உயர்குலத்தார் திருடினால் விட்டுவிட்டு, எளியோரை மட்டும் தண்டித்ததாலேயே முன்னைய சமுதாயத்தார் அழிந்தனர் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தார்கள். தம் அருமை மகளாயினும் சட்டம் ஒன்றே என்றும் அறிவித்தார்கள்.

பெற்றோர்களே! மகள் முறையிட்டால், 'குடும்ப மானம் போகும்' என வாயடைக்காதீர்கள். பாலியல் தொல்லை குறித்து விசாரிக்க ஒவ்வொரு கல்லூரியிலும் உள்ளகப் புகார்க் குழு இருத்தல் வேண்டும். அதனிடம் எழுத்து மூலம் முறையிடுங்கள். சாட்சியத்தை மறைப்பவரின் உள்ளம் பாவத்திற்குள்ளாகிறது என்பது இறைமறையின் (2:283) எச்சரிக்கை.

நீதியில் நிலைத்து நிற்க வல்ல அல்லாஹ் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.